இறக்கிய காரும் 'டக் டக்' சத்தமும்

வணக்கம் நேயர்களே.

சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. தோட்டத்துச் சாலை மட்டும் மாறவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடித் தார் அமுங்கிக் கிடக்கிறது. போதாக்குறைக்குக் கோயில் முன்னால், பள்ளிக்கூடம் முன்னால் என்று வேகத்தடைகள் வேறு. இந்தச் சாலையில்தான் நம் பிள்ளைகள் விரா, மைவி கார்களை உயரம் குறைத்து, அதாவது இறக்கி ஓட்டுகிறார்கள். அதற்குப் போடுவதுதான் ஹைலோ, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அப்சார்பர், ஸ்பிரிங் செட். கொஞ்ச நாளில் முன்பக்கம் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பிக்கும். "ஹைலோ போட்டா அப்படித்தாண்ணே இருக்கும்" என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படி இருக்க வேண்டியதில்லை. எங்கேயோ ஒரு சாமான் தேய்ந்திருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. பல கார்களில் அது, குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரின் தலையில் இருந்து அதைப் பாடியோடு இணைக்கும் மவுண்டிங்.

போனட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் வட்டமாகச் சில நட்டுகள் தெரியும். அதற்கு அடியில் மவுண்டிங் இருக்கிறது. அந்த மூலையின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது அப்சார்பர் முழுதும் சேர்ந்து திரும்புவதால், அதற்கு இடம் கொடுக்கும் பேரிங்கும் அங்கேதான் இருக்கும். கம்பெனி மவுண்டிங்கில் தடித்த ரப்பர் உண்டு. பல ஹைலோ செட்டுகளில் அந்த ரப்பருக்குப் பதில் பில்லோபால், அதாவது இரும்புக் கூட்டுக்குள் இரும்பு உருண்டை. ரேஸ் டிராக்கில் அது அருமை. ஸ்டீரிங் சொன்னபடி கேட்கும். நம் ஊர் செம்மண் தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே புகுந்தால் உருண்டை தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். நடுவில் ரப்பர் இல்லாததால் ஒவ்வொரு தட்டும் நேராக பாடிக்குப் போகும்.

சத்தம் கேட்டதும் சாமான் வாங்க ஓடாதீர்கள். முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் இஞ்சினை முடுக்கி, நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பட்டும். இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைக்க வேண்டும். சுருளுக்குள் விரலை விடக்கூடாது. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு 'டொங்' என்று துள்ளினால் பேரிங் இறுகிவிட்டது என்று அர்த்தம். திருப்பும்போது சத்தமில்லை, சின்னக் குழியில் மெதுவாக இறங்கும்போது மட்டும் தட்டுகிறது என்றால், போனட்டுக்குள் தெரியும் நட்டு வட்டத்தின் நடு நட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, காரை மேலிருந்து அமுக்கிவிடச் சொல்லுங்கள். தட்டு விரலிலேயே தெரியும்.

தெரியவில்லையா? அப்படியானால் கீழே சக்கரத்தை ஒட்டி இருக்கும் மற்றச் சாமான்களான ஸ்டெபிலைசர் லிங்க், லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். காரை இறக்கினால் ஸ்டெபிலைசர் லிங்க்கின் கோணமும் மாறிவிடும். அதுவும் இதே மாதிரிதான் தட்டும். ஹைலோ போட்ட அன்றே சத்தம் வந்தால் மவுண்டிங் தேய்ந்திருக்க நியாயமில்லை. வாஷரோ காலரோ இடம் மாறியிருக்கும், அல்லது நடு நட்டு சரியாக இறுகியிருக்காது.

சரி, மவுண்டிங்தான் என்று உறுதியாகிவிட்டது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஸ்பிரிங் அமுங்கி இருக்கும்போது நடு நட்டைக் கழற்றவே கூடாது. ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கிறது. கம்பெனி அப்சார்பர் என்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். ஹைலோவில் ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டை இறக்கினால் ஸ்பிரிங் தளரும். இறக்குவதற்கு முன் தட்டின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஸ்பிரிங் கையால் ஆட்டும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கி வேண்டாம். அப்சார்பரின் தண்டு சுழன்று சீல் கெட்டுப்போகும், அப்புறம் எண்ணெய் கசியும். தண்டை ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு கையால் இறுக்குங்கள். நடு நட்டு புதிதாகவே இருக்கட்டும். மவுண்டிங் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றியதும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம் பார்க்காமல் விட்டால் புது டயரின் உள்பக்கம் தேய்ந்துவிடும்.

எதைப் போடுவது? டிராக்குக்குப் போகாத காருக்கு ரப்பர் மவுண்டிங்தான் என் சிபாரிசு. உங்கள் ஹைலோவின் தண்டுக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் பொருந்துமா என்று சாமானைக் கையில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். ரப்பர் போட்டால் ஸ்டீரிங் கொஞ்சம் மந்தமாகும், உண்மைதான். பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு அது தெரியாது. சத்தம் போனது மட்டும் தெரியும். பில்லோபால்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள், உருண்டையை மட்டும் தனியாக மாற்றக்கூடிய செட்டைத் தேடுங்கள். உள்ளே டெஃப்லான் பூச்சு இருந்தால் கிரீஸ் அப்பாதீர்கள். கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. கழற்றிய கம்பெனி அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். காரை விற்றுப் பெயர் மாற்றும்போது வாகனச் சோதனைக்குப் போக வேண்டும். இறக்கிய காரை அங்கே நிராகரித்துவிட்டால், அந்தப் பழைய செட்டைத்தான் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.