எத்தனை பேர் மிச்சம்?

நடுவர் அவர்களே, ‘காதல் வாழ்வுக்கு வீடியோ கேம் இடையூறே’ என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தோழியே, அவையோரே, வணக்கம். ‘இடையூறு இல்லை’ என்று பேச வந்திருக்கும் நான், ‘பப்ஜி’ என்ற கைப்பேசித் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிற ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். வாதம் குறைந்தாலும் அனுபவம் குறையாது.

தோழி சொன்னார்: “சாப்பிடக் கூப்பிட்டால் ‘ஐந்தே நிமிடம்’ என்கிறார். தோசை ஆறி அப்பளமாகிறது. அந்தக் கைப்பேசி எனக்குச் சக்களத்தி!” சங்கப் பாட்டில் மருதத் திணைத் தலைவி, பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய தலைவனை வீட்டுக்குள் விட மறுத்தாள். நம் தோழிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தலைவன் சோபாவை விட்டு எழுந்து வெளியே போனால்தானே கதவைச் சாத்த முடியும்!

சக்களத்தி என்றே வைத்துக்கொள்வோம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. மறுநாளிலிருந்து வீடுதோறும் காதல் பொங்கியிருக்க வேண்டுமே? எங்கள் வீட்டில் பொங்கியது, சரியாக 17 நாள். செப்டம்பர் 19 அன்று அபுதாபியில் ஐபிஎல் தொடங்கியது, சென்னையும் மும்பையும். அதே சோபா, அதே மூலை. சாப்பிடக் கூப்பிட்டேன். “ஐந்தே நிமிடம்” என்றார். எட்டிப் பார்த்தால் இன்னும் 12 ஓவர் இருந்தது! கிரிக்கெட்டை இடையூறு என்று பட்டிமன்றம் நடத்த மட்டும் யாருக்கும் துணிவு வருவதில்லை. அன்றைக்குச் சென்னை வென்றதால் நானும் சண்டையை ஒத்திவைத்தேன்.

ஆகவே குற்றவாளி ஆட்டம் அல்ல, அந்த ‘ஐந்து நிமிடம்’. 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 100 பேர் பாராசூட்டில் குதிக்கிறார்கள். பாதுகாப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. நான்கு பேர் ஓர் அணி; கடைசி வரை மிஞ்சுகிற அணிக்கே வெற்றி. நடுவில் நிறுத்திவைக்க வழியே இல்லை. அரை மணி நேரமும் ஓடலாம், முதல் நிமிடத்திலேயே குண்டடி பட்டும் திரும்பலாம். எப்போது முடியும் என்பது அவருக்கே தெரியாது. ‘தெரியாது’ என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘ஐந்து’ என்று சொல்லியிருக்கிறார், பாவம்.

“முகம் தெரியாதவன் அடிபட்டு விழுந்தால் குண்டுமழையில் ஓடிப்போய்த் தூக்குகிறார், நான் கூப்பிட்டால் வருவதில்லை” என்றும் தோழி கேட்டார். இந்த அடி எனக்கும் வலித்தது. ஆனால் அங்கே விழுந்தவன் ‘விழுந்துவிட்டேன், வா’ என்று வாய்விட்டுச் சொல்கிறான். நாம் என்ன செய்கிறோம்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பாத்திரத்தை ‘ணங்’ என்று வைக்கிறோம். ஹெட்போனுக்குள் அந்த ‘ணங்’ கேட்காது அம்மா!

உலக சுகாதார நிறுவனமே இதை நோய் என்கிறது என்றார்கள். பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த நோய்ப் பட்டியல், ஆடுகிறவரையெல்லாம் நோயாளி என்று சொல்லவில்லை. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கேடு வந்த பிறகும் விடாமல், பொதுவாக 12 மாதமாவது அது நீடித்தால்தான் நோய். அப்படிப்பட்டவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பட்டிமன்றத்துக்கு இழுத்து வராதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நிமிடக் கணக்கே கிடையாது. அடுப்படியிலிருந்து “எத்தனை பேர் மிச்சம்?” என்று கேட்பேன். திரையில் எண் தெரியும், பார்த்துச் சொல்வார். “அறுபது” என்றால் மாவைத் தொடவே மாட்டேன். “பத்து” என்றால் கல்லை அடுப்பில் ஏற்றுவேன். வியாழக்கிழமை இரவு இரண்டு பேரின் கைப்பேசியும் அலமாரிக்குள் போய்விடும். என்னுடையதை வைக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது; எதிரணி கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

நடுவர் மணி அடித்துவிட்டார். ‘ஐந்தே நிமிடம்’ என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது ஐயா. கேட்கவில்லை, உட்கார்ந்துவிடுகிறேன்.