எந்த நாடு என்பதைப் பிறகு பார்ப்போம்

(கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

அன்பான பிள்ளைகளே, கூட வந்திருக்கிற பெற்றோரே, வணக்கம்.

பெறுபேறு வந்த கையோடு நம் வீடுகளில் எழும் கேள்வி, "கனடாவா, லண்டனா?" என்பதுதான். அங்கே சித்தப்பா இருக்கிறார், இங்கே மாமி இருக்கிறா. அந்த உறவு பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் என்ன படிப்பது, படித்து முடிக்கும்வரை எவ்வளவு காசு முடியும், அதை யார் கட்டுவது என்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் நாட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி இடம் கொடுத்தால் முதல் பட்டத்தை இங்கே கட்டணமில்லாமல் முடித்துவிட்டு, முதுமாணிக்கு வெளியே போங்கள் என்றுதான் நான் சொல்வேன். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் முதுமாணிக்குத்தான். பட்டத்தோடு 2,800 மணித்தியால வேலை அனுபவமும் கேட்பார்கள். முதல் பட்டத்துக்கே உதவி தேவையென்றால் இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரியுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். "ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கொன்றில் காசு போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக எடுத்து வாடகையும் சாப்பாடும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவுக்கு, காட்டுகிற பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் கிடக்க வேண்டும். இதற்காகச் சிலர் வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டு, விசா கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போன பிள்ளை முதல் மாத வாடகைக்கே அந்தரிக்கும். வேலை செய்து கட்டலாம் என்றால், பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் அனுமதி. அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. அது கைச்செலவுக்குக் காணும், பல்கலைக்கழகக் கட்டணத்துக்குக் காணாது. வயற்காணியை ஈடு வைக்கப் போகும் அப்பாக்கள், முதலாம் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் கடைசி ஆண்டுவரை எழுதிப் பாருங்கள்.

முகவர் இலவசமாகச் செய்து தருகிறார் என்றால், பெரும்பாலும் பிள்ளையைச் சேர்க்கிற பல்கலைக்கழகம் அவருக்குத் தரகு கொடுக்கும். அதில் களவு ஒன்றுமில்லை. ஆனால் தரகு தராத பல்கலைக்கழகத்தை அவர் வாயால் கேட்பது கஷ்டம். அதை நீங்களேதான் தேட வேண்டும்.

அப்புறம் பத்திரங்கள். வன்னிப் பிள்ளைகளுக்கு இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உங்களில் பலர் யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் பிறந்தவர்கள். பிறப்பையே காலம் தாழ்த்திப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். 2009 இல் பத்திரங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் எத்தனையோ. பிறகு எடுத்த பிரதிகளில் ஆங்கில எழுத்துக்கள் ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு மாதிரி ஆகியிருக்கும். தகப்பன் பெயர் தர்மலிங்கம் என்று வையுங்கள். பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது டி, எச் என்று தொடங்கும். பரீட்சைச் சான்றிதழில் எச் இல்லை. வங்கிப் புத்தகத்தில் வெறும் முதலெழுத்து. நமக்கு இது ஒரே ஆள். விசா அதிகாரிக்கு மூன்று பேர்.

ஆகவே வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் ஒத்துப்போகச் செய்யுங்கள். அதன் பிறகு கடவுச்சீட்டு. வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குக் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். அந்தப் பெறுபேறு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், எனவே அவசரப்பட்டு எழுதிவிடவும் வேண்டாம். திருத்தம் தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தில் மாதங்கள் போகலாம், அதற்கும் சேர்த்து நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள்.

பத்திரங்களைக் கையோடு கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.