எங்கட தேங்காய் ஓசி இல்லையப்பா! பாதுக்க வளவுக் கணக்கு

வணக்கம், வணக்கம். எல்லாரும் சுகமா இருக்கிறியளோ? குரல் அடைச்சுப் போய்க் கிடக்கு, குறை நினையாதேங்கோ. ரெண்டு நாளாக் குரங்கைக் கலைச்ச குரல்.

இண்டைக்கு வீடியோ போடுற எண்ணமே இருக்கேல்லை. போன வீடியோவுக்குக் கீழ ஒராள் எழுதியிருந்தார், "உங்களுக்கென்ன அக்கா, சொந்த வளவு, தேங்காய் ஓசி" எண்டு. ஓசியாம்! அதுக்கு முப்பத்தஞ்சு பேர் லைக் வேற. எனக்கு நித்திரை வரேல்லை. எழும்பியிருந்து மகளின்ர பழைய கொப்பியில கணக்கெழுதினனான். இவர் "லைட்டை நூருமன்" எண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டு அங்கால திரும்பிப் படுத்திட்டார். இந்தா, அந்தக் கொப்பி.

புதுசா வந்தவைக்காகச் சொல்லுறன். வளவு பாதுக்கவில, அரை ஏக்கர், 80 பேர்ச். மாமி செத்தாலும் பேர்ச் எண்டு சொல்லமாட்டா, "எட்டுப் பரப்பு" எண்டுதான் சொல்லுவா. யாழ்ப்பாணக் கணக்கில 16 பரப்பு ஒரு ஏக்கர். மாமாவும் மாமியும் அங்க. நாங்கள் வெள்ளவத்தையில, மூண்டாம் மாடியில. பள்ளிக்கூட லீவு எண்டபடியா இந்த முறை பிள்ளையளும் பத்து நாள் அங்கதான் நிண்டதுகள். சின்னவன் இப்ப கோழிக்கூட்டுக்குள்ளதான் சீவியம், அது வேற வீடியோ.

சரி, தென்னை. மொத்தம் 14 மரம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆயிறது. பாளை வெடிச்சுத் தேங்காய் முத்த ஒரு வருசம் கிட்டப் போகும், அதால இண்டைக்கு மழை இல்லாட்டி அடுத்த வருசம்தான் அடி விழும். 2025 தொடக்கத்தில ஒரு தேங்காய் இருநூறைத் தாண்டினது ஞாபகமிருக்கே? அந்த நேரம் நான் சம்பலே அரைக்கேல்லை. சம்பல் இல்லாத பாண் எனக்குப் பாணே இல்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கேல்லை.

இந்த முறை ஆய வந்தவர் ஒரு மரத்துக்கு 250 கேட்டார். நான், "அண்ணை, காய்க் கணக்குக்கு ஆயுங்கோவன்" எண்டன். மாட்டாராம். காய் இருந்தாலும் இல்லாட்டியும் மரத்துக்கு 250. "அந்த ரெண்டு மரமும் வெள்ளை ஈ பிடிச்சு ஓலையெல்லாம் கரிப்பிடிச்சுக் கிடக்கு, காயே இல்லை, அதை விடுங்கோ" எண்டன். காஞ்ச மட்டையைத் தட்டி விடுறனாம், அதுக்கும் 250. இருவது நிமிசம் நிண்டு கதைச்சனான். ஒரு ரூபா குறையேல்லை. மாமா கதிரையில இருந்து பேப்பர் பாத்துக்கொண்டிருந்தார், ஒரு சொல்லு எனக்காகக் கதைக்கேல்லை.

அவர் ஏறுறதும் இல்லை. கீழ நிண்டுகொண்டு நீட்டு மூங்கில் தடியில கத்தியைக் கட்டி, அண்ணாந்து பாத்து ஒரு இழுவை. மாமி விறாந்தையில நிண்டு, "எங்கட ஊரில ஏறித்தான் ஆயிறவை, இது கொக்கத்தடி வேலை" எண்டு முணுமுணுத்தா. நல்லகாலம், அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனா உண்மையைச் சொல்லோணும், மனுசன் கெட்டிக்காரர். முத்தினது எது, முத்தாதது எது எண்டு அவ்வளவு உயரத்தில கீழ இருந்தே தெரியுது. ஒரு குலையும் பிழைக்கேல்லை.

விழுந்தது 71. மரத்தடியில எண்ணேக்கை எனக்கு அவ்வளவு சந்தோசம். அவருக்கு வழமைப்படி நாலு, மிச்சம் 67.

ஐயோ, குரங்கைச் சொல்லாமல் விட்டிட்டன். அது முதல் நாள் நடந்தது. விடிய நான் தேத்தண்ணியோட வெளியில வாறன், மரத்தடியெல்லாம் குரும்பட்டியும் இளநியும். எல்லாத்திலயும் ஒரு ஓட்டை. கடிச்சு, ரெண்டு வாய் குடிச்சு, எறிஞ்சு போட்டு அடுத்தது. 23 எண்ணினனான். முழுசாத் தின்றாலாவது மனம் ஆறும். இதே வளவுக்கு அந்தக் கருங்குரங்கும் வாறது, அதுகள் பாவம், பலா இலையைத் தின்றிட்டுப் பேசாமல் போயிடுங்கள். இந்தச் செம்மண் நிறத்துக் கூட்டம்தான் ரவுடி. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனதுக்கும் பாணந்துறை மின் நிலையத்துக்குள்ள குரங்கு பாஞ்சதுதான் காரணம் எண்டுதானே அமைச்சர் சொன்னவர். எல்லாரும் சிரிச்சவை. நான் சிரிக்கேல்லை.

அடுத்த மாசமே, மார்ச் 15, அரசாங்கம் குரங்கு, மயில், மர அணில் எல்லாம் எண்ணச் சொன்னது, காலமை 8 மணியில இருந்து 8.05 மட்டும், வெறும் அஞ்சு நிமிசம். மாமா பேப்பரும் பேனையுமா வளவில நிண்டவர். ஒரு மயில். அவ்வளவுதான். 8.20க்குப் பதினேழு குரங்கு மதிலால வரிசையா வந்திச்சுது. மாமாவுக்கு இன்னும் அந்தக் கவலை, "இருவது நிமிசம் பிந்திப் போச்சு" எண்டு.

இப்ப என்ர வெற்றி. கமராவைக் கிட்ட வைக்கிறன், பாருங்கோ, இந்தப் பெருவிரல் நகம். கறுத்துப் போச்சு. நான் தேங்காய் உரிச்சனான்! கலியாணம் முடிச்சுப் பன்னிரண்டு வருசம், இதுவரைக்கும் இவரோ மாமாவோதான் உரிச்சது. அலவாங்கை நிலத்தில குத்தி, கூர் மேல பாக்க நிக்கும். நடுவில குத்தினா சிரட்டையில இடிச்சு வழுக்கும், நகம் போனது அப்பிடித்தான். கொஞ்சம் ஒருபக்கமாக் குத்தி, உடம்புப் பாரத்தைப் போட்டு, அங்கால ஒரு முறுக்கு. "டர்ர்" எண்டு நார் பிரியிற சத்தம் இருக்கே! மூண்டு முறுக்கில மட்டை கழண்டுபோம். எனக்கு முதலாவதுக்குப் பதினாலு முறுக்கு, காயைப் பாத்தா நாய் கடிச்ச மாதிரி. ஆறாவதில பிடிபட்டிட்டுது. குடுமியை மட்டும் பிடுங்காதேங்கோ, கண்ணை மூடிக்கொண்டு அது இருந்தாத்தான் காய் கனநாள் பழுதாகாமல் இருக்கும். நான் ரெண்டைப் பிடுங்கிப்போட்டு மாமியிட்ட ஏச்சு வாங்கினனான்.

உரிச்ச மட்டையும் எறியிறேல்லை. மாமா மரத்துக்குப் பக்கத்தில குழி வெட்டி, உள்பக்கம் மேல பாக்க அடுக்கி மூடுவார். வெயில் காலத்தில அதுதான் மரத்துக்குத் தண்ணி பிடிச்சு வைக்கும்.

சரி, கொப்பிக்கு வாறன். வடிவாக் கேளுங்கோ, ஓசி எண்டு எழுதின தம்பியும் கேளும்.

ஆயக் கூலி, பதினாலு மரம், 3,500. ஸ்டேசனில இருந்து வளவுக்கு ஓட்டோ, போக 600, வர 600. மருதானையில இருந்து வாற களனிவெளி ரயில் காசு சில்லறை, அதை விடுவம். எல்லாம் 4,700. அறுவத்தேழால பிரிச்சா ஒரு தேங்காய் 70 ரூபா. இங்க வெள்ளவத்தைக் கடையில 190! நான் இவரைத் தட்டி எழுப்பிக் காட்டினனான், "பாருங்கோ, எழுபது!"

கண்ணைத் திறக்காமலே கேட்டார், "புல்லு வெட்டினவனுக்குக் குடுத்தது?"

அது 4,000. மறந்துபோனன். அப்ப 130 ரூபா. பிறகு குரங்குக்கு வாங்கின வெடி, 1,500. அந்த வெடிக்குக் குரங்கு பயப்பிடேல்லை, மாமியின்ர கோழிதான் ரெண்டு நாள் முட்டை இடேல்லை. அப்ப 152. பிறகு உரிக்கேக்கை ஒன்பது ஒல்லி, கையில தூக்கினா ஒண்டுமே இல்லை. 58 தான் காய். 10,200ஐ 58ஆல பிரிச்சா 176. பரவாயில்லை, கடையை விட 14 ரூபா லாபம் எண்டு எழுதி, அடியில கோடும் போட்டிட்டுத்தான் படுத்தனான்.

விடிய மாமி போன் எடுத்தா, நல்லூர்த் திருவிழா போனில பாத்தியளோ எண்டு கேக்க. கதையோட கதையாச் சொல்லுறா, பக்கத்து வளவு அம்மாவுக்கு அஞ்சு, கோயிலுக்கு அஞ்சு குடுத்தவவாம். "முத்தின தேங்காய் பிள்ளை, வெறுங்கையோட அனுப்பேலுமே?"

212 ரூபா 50 சதம்!

கடையில வாங்கியிருந்தா ஒண்டுக்கு 22 ரூபா 50 சதம் மிச்சம். நகமும் மிச்சம்.

இவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை. நீங்களும் கீழ எழுதிப்போடாதேங்கோ, அவர் வாசிக்கிறவர். ஒரு நிமிசம்... ஆரோ பெல் அடிக்கினம். இருங்கோ. ஓம் அக்கா, வாங்கோ, ஊரில இருந்து நேத்துத்தான் வந்தனாங்கள்... தேங்காயோ? ஓம், ஓம், இருக்கு, எத்தினை வேணும்?