ஏர்பேக் விளக்கு சிமிட்டுகிறதா? சென்சார் வாங்கும் முன் சீட்டுக்கு அடியில் பாருங்கள்! | நிஸ்ஸான் 350இசட்

சாவி ஒன்று போதும். ஸ்கேனர் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். நிஸ்ஸான் 350இசட் காரில் ஏர்பேக் விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தால், சாவியைச் சரியான நேரத்தில் மூன்று முறை திருப்பியே பல சமயம் அதை அணைத்துவிட முடியும். எப்படி என்று இந்த வீடியோவிலேயே காட்டுகிறேன். ஆனால் அந்த விளக்கு ஏன் எரிந்தது என்று தெரியாமல் அணைத்துவிட்டு ஓட்டினால், மோதும் நேரத்தில் பை விரியாமலே போகலாம். அதனால் சாவி வித்தையை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள், ப்ளீஸ்.

காரைப் பற்றி இரண்டு வரி. 2002-ல் வந்தது, ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று பெயர், மூன்றரை லிட்டர் வி6 இன்ஜின், இரண்டே சீட். அவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

[திரையில்: டாஷ்போர்டு, ஏர்பேக் விளக்கு நெருக்கத்தில்]

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் விளக்கு சுமார் 7 விநாடி எரிந்து, தானாக அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும் சரி, அணைந்தபின் சிமிட்ட ஆரம்பித்தாலும் சரி, எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். உடனே எல்லாரும் சொல்வது, "சென்சார் போச்சு". பெரும்பாலும் சென்சார் மேல் தவறே இருக்காது.

காரணம் இதுதான். ஒவ்வொரு ஏர்பேக்குக்குள்ளும் ஒரு சின்னத் திரி மாதிரி மின்கம்பி இருக்கிறது. அதன் மின்தடை ஏறக்குறைய 2 ஓம். கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் வழியே மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, அந்த 2 ஓம் சரியாக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கும். இருபது வருடப் பழைய கனெக்டரில் கொஞ்சம் பச்சைக் களிம்பு பிடித்தால்கூட அந்தக் கணக்கு மாறிவிடும். மின்தடை ஏன் கூடியது, கம்பி அறுந்ததா அழுக்கு சேர்ந்ததா என்று பெட்டிக்குத் தெரியாது. விளக்கைப் போட்டுவிடும்.

பேட்டரி பலவீனமாகி வோல்டேஜ் விழுந்தாலும் இதே கதை. முதலில் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். ஹாரனும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள் மேல் சந்தேகம் வையுங்கள். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் போகும் இணைப்பு அதன் வழியாகத்தான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம்: சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர், அதாவது சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போகும் இணைப்பு.

[திரையில்: சீட்டின் அடிப்பகுதி, டார்ச் வெளிச்சத்தில்]

350இசட்டில் டாஷ்போர்டில் வழக்கமான சாமான் பெட்டி கிடையாது. சாமான் பெட்டி பயணி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதை வசதியாகத் திறக்க சீட்டை முன்னே தள்ள வேண்டும், அப்புறம் பின்னே தள்ள வேண்டும். வருடக்கணக்கில் அந்தச் சீட்டோடு சேர்ந்து அடியில் இருக்கும் வயரும் இழுபடுகிறது. இன்னொரு பக்கம், கார்ப்பெட் சுத்தம் செய்யவோ ரேஸ் சீட் மாட்டவோ சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காரைக் கொஞ்சம் நகர்த்தலாமே என்று சாவியைத் திருப்புவார்கள். அந்த நொடியே கோளாறு பதிவாகிவிடும். பிறகு சீட்டைத் திரும்ப மாட்டினாலும் விளக்கு சிமிட்டுவது நிற்காது.

கனெக்டரைத் தொடும் முன் ஒரு விஷயம், இதில் விளையாட்டே வேண்டாம். சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டுக் குறைந்தது 3 நிமிடம் காத்திருங்கள். மோதலில் பேட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெபாசிட்டரில் மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும். அது வடிய அந்த நேரம் தேவை. மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக்கின் ஓம் அளக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரமே பையை வெடிக்க வைத்துவிடலாம்.

சரி, இப்போது கழற்றலாம். இங்கேதான் அந்த அழகான வேலைப்பாடு. கனெக்டரைப் பிரித்த மறுகணம், தொட்டாற்சிணுங்கி இலை மூடிக்கொள்வதுபோல, ஏர்பேக் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன உலோகத் தகடு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால், உங்கள் சட்டையிலிருந்து நிலைமின்சாரம் பாய்ந்தாலும் திரிக்குள் மின்சாரம் ஓட வழியில்லை. கையில் பிடித்திருப்பவரின் முகத்தைக் காப்பாற்றுவதற்காகவே யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்த தகடு அது. நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடுகிறது.

திரும்ப மாட்டும்போது அதே தகடுதான் உங்களைச் சோதிக்கும். கனெக்டர் முழுதாக உள்ளே போனால்தான் தகடு விலகும். பாதி மாட்டினால், பார்வைக்கு மாட்டிய மாதிரியே இருக்கும், ஆனால் முனைகள் இன்னும் சேர்ந்தே இருக்கும். பெட்டி அதை ஷார்ட் என்று படித்து விளக்கைப் போடும். அதனால் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். முனைகளில் பச்சை இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

இனி சாவி வித்தை. பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். 7 விநாடி கழித்து விளக்கு அணைந்ததும், ஒரே விநாடிக்குள் ஆஃப் செய்யுங்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருங்கள். இப்படியே மொத்தம் மூன்று முறை. அப்புறம் நான்காவது முறை ஆன் செய்து பாருங்கள். நேரம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து, பதற வேண்டாம். பழைய பதிவு மட்டும்தான் மிச்சம் என்றால் விளக்கு அமைதியாகிவிடும். மறுபடி சிமிட்டினால் கோளாறு இன்னும் உயிரோடு இருக்கிறது. காரின் கோளாறுப் பதிவைப் படிக்கும் மலிவான கருவிகள், அதாவது ஓபிடி ரீடர்கள், பெரும்பாலும் ஏர்பேக் பதிவைப் படிக்காது. படிக்கிற கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.

பழைய 350இசட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கு சிமிட்டவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். சாவியைத் திருப்பியதும் அந்த 7 விநாடி எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். இன்னும் மோசம், ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகிப் பெட்டியை ஏமாற்றும் வேலை. விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், ஆனால் உள்ளே பையே இருக்காது. அடுத்தவர் உயிரை விலைபேசும் வேலை இது, எனக்குக் கோபம்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுற்றிய மஞ்சள் வயர் தென்பட்டால் விலை பேச வேண்டாம்.

உங்கள் காரில் விளக்கு எரிந்து, காரணம் சீட் கனெக்டரா ஸ்பைரல் கேபிளா என்று கண்டுபிடித்திருந்தால், எந்த வருட மாடல் என்பதோடு கமென்ட்டில் எழுதுங்கள். ஸ்பைரல் கேபிள் மாற்றுவது தனி வீடியோவாக வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள்.