தொண்டைக்குள் யாராவது பார்த்தார்களா?

(உலகக் குரல் நாள் கூட்டமொன்றில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தார். உட்கார்ந்தவர் பேசவில்லை, கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். ‘எட்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் வெறும் காற்றுதான் வருகிறது’ என்று எழுதியிருந்தார். மிளகுப் பால் குடித்திருக்கிறார், பனங்கற்கண்டு சப்பியிருக்கிறார், மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அம்மா, தொண்டைக்குள் யாராவது பார்த்தார்களா?” இல்லை என்று தலையசைத்தார்.

பார்த்தேன். குரல்வளைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகள்தான் குரல் நாண்கள். அந்த இரண்டிலும் நேர் எதிரெதிரே கடுகளவு முடிச்சுகள். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையில் காய்ப்பு காய்க்கிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. 40 நிமிட வகுப்பில் குரல் எழுவது 15 நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1,80,000 மோதல். ஐந்து வகுப்பென்றால் ஒன்பது லட்சம். இதற்கு மேல் பிள்ளைகளின் இரைச்சல், மின்விசிறிச் சத்தம், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். அத்தனையையும் தாண்டிக் கத்த வேண்டும்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. குரல்வளையைப் பார்க்கும் வழி இன்று நேற்று வந்ததல்ல. 1854-இல் பாரிஸில் மனுவேல் கார்சியா என்பவர் பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியை வாங்கி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, வாய்க்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பித் தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார்! அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் கட்டுரையாக வைத்தார். நூற்றெழுபது வருஷம் ஆகிவிட்டது. இந்த ஆசிரியைக்கு எட்டு மாதமாக அந்தக் கண்ணாடி எட்டவில்லை.

சரி, பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரு காலத்தில் குரல் நாணில் தடிப்பு தெரிந்தால் மேல் தோலையே உரித்தெடுத்தார்கள். தழும்பு விழுந்து, பலருக்கு இருந்த குரலும் போயிற்று. 1970-களில் ஜப்பானின் மினோரு ஹிரானோ, குரல் நாண் வெறும் தசையல்ல, அடுக்கடுக்கானது என்று காட்டினார். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய தோல், அதன் கீழே வழுவழுப்பான படலம், அடியில்தான் தசை. அந்த வழுவழுப்பு அலையாக ஆடினால்தான் குரல். அதைக் காயப்படுத்தாமல் நுண்ணோக்கி வைத்து அறுவை செய்யும் நிதானம் இந்தப் புரிதலால் வந்தது. ஆய்வுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். தழும்பு விழுந்த குரல் நாணைப் பழையபடி ஆக்கும் வைத்தியம் இன்றும் நம் கையில் இல்லை. யாராவது உட்கார்ந்து தேடினால்தான் கிடைக்கும்.

அந்த ஆசிரியைக்குக் கத்தி தேவைப்படவில்லை. எங்கள் குரல் பயிற்சியாளர் அவர் முன் அரை டம்ளர் தண்ணீரையும் ஒரு ஸ்ட்ராவையும் வைத்தார். ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் விட்டு, குமிழி வரும்படி ஊதிக்கொண்டே ‘ஊ’ என்று குரல் எழுப்ப வேண்டும். வாயிலிருந்து திரும்பும் காற்றழுத்தம் குரல் நாண்களைப் பலமாக முட்டிக்கொள்ள விடாமல் மெத்தென்று பிடித்துக்கொள்ளும். குசுகுசுப்பது குரலுக்கு ஓய்வல்ல என்றும், சும்மா சும்மா தொண்டையைச் செருமக் கூடாது என்றும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் பாடம் எடுத்தவர்! ஆசிரியப் பயிற்சியில் கரும்பலகையில் எழுதச் சொல்லித் தருகிறோம். தொண்டையை எப்படிப் பயன்படுத்துவதென்று நான்கு வகுப்பு எடுத்தால் என்ன?

புற்றுநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குரல் நாணில் வரும் புற்று ஆரம்பத்திலேயே குரலைக் கம்ம வைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே பிடித்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் நாள் கடத்தவே கூடாது. முற்றிய பிறகு வந்தால் குரல்வளையையே எடுக்க நேரிடும். அப்புறம் பேசுவதற்கு ஒரு சின்ன வால்வு வைக்கலாம். வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். வாங்க முடியாதவர்களின் நிலையைப் பார்த்துத்தான் பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ், தொழில்துறை நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஐம்பது ரூபாய் அளவில் ஒன்றைச் செய்தார். ‘ஓம்’ என்று அதற்குப் பெயர்.

இங்கே கொடுக்கும் மனமுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்களுக்கு ஒரு ஸ்ட்ரோபோஸ்கோப் வேண்டும். வேகமாக ஆடும் குரல் நாணை, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கால் மெதுவாக ஆடுவதுபோலக் காட்டும் கருவி அது, லட்சக்கணக்கில் விலை. அதைவிட முக்கியம், பேச்சு, கேட்டல் குறைகளைச் சரிசெய்யக் கற்றுத்தரும் பேச்சு கேட்பியல் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது படிப்புச் செலவு. கருவியை யாரும் வாங்கிவிடலாம். அதன் முன் உட்காரப் படித்த கை வேண்டுமே.

இந்த அரங்கிலேயே மூன்று வாரமாகக் குரல் கம்மியிருப்பவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வாருங்கள். கண்ணாடியும் விளக்கும் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் இருக்கிறது.