ஏழு நட்சத்திரமும் ஒரு மேயரும்

எல்லோருக்கும் வணக்கம்.

கால்பந்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது நான் பிரேசிலையோ ஸ்பெயினையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் தென்கொரியாவுக்குப் போகிறேன். அதுவும் தேசிய அணிக்கு அல்ல, சியோங்நாம் என்கிற நகரத்தின் கிளப்புக்கு. ஒரு மத அமைப்பின் கையில் பிறந்து, நகராட்சியின் கைக்கு வந்து, கோர்ட் வாசல் வரை போன கிளப் அது. பணம் போடுகிறவர் எதற்காகப் போடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு அணியின் தலையெழுத்து என்று நான் நினைக்கிறேன். அதைக் காட்ட இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். சியோலுக்குத் தென்கிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் நகரம். 1960களின் கடைசியில் சியோலில் குடிசைப் பகுதிகளை இடித்து, அங்கிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களை இந்த மலைச்சரிவில் கொண்டுவந்து விட்டார்கள். குடும்பத்துக்கு 20 பியோங் மனை, நம் கணக்கில் சுமார் 700 சதுர அடி. தண்ணீருக்கு வழியில்லை, பிழைப்புக்கும் வழியில்லை. பிறகு மனைக்கு விலை கேட்டார்கள், வரி கேட்டார்கள். 1971 ஆகஸ்ட் 10 அன்று மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள், அரசு அலுவலகம் எரிந்தது. 1973ல் அந்த இடம் சியோங்நாம் என்ற தனி நகரமானது. 1990களில் அதே நகரத்தின் தெற்கே புண்டாங் என்ற புதுநகரம் எழுந்தது. வரிசை வரிசையாக அடுக்குமாடி, கையில் காசுள்ள குடும்பங்கள். அப்புறம் பாங்யோ, அங்கே மென்பொருள் கம்பெனிகள். ஆக, ஒரே மேயருக்குக் கீழே வெவ்வேறு ஊர்கள்.

கிளப் பிறந்தது இந்த ஊரில் இல்லை. 1989ல் சியோலில், இல்ஹ்வா சொன்மா என்ற பெயரில் தொடங்கியது. ஜின்செங் பானமும் மெக்கால் என்கிற பார்லி சோடாவும் விற்கிற கம்பெனி இல்ஹ்வா. அதன் பின்னால் இருந்தவர் மூன் சன்-மியுங், ஒருங்கிணைப்புத் திருச்சபையை நிறுவியவர், ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு ஒரே மைதானத்தில் கல்யாணம் செய்துவைத்து உலகம் முழுக்கச் செய்தியானாரே, அவரேதான். அவருக்குக் கால்பந்து மேல் பிரியம். செலவுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

முதல் பயிற்சியாளர் பார்க் ஜாங்-ஹ்வான். 1983ல் மெக்சிகோவில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். அந்தக் கண்டிப்பின் இன்னொரு பக்கத்துக்குப் பிறகு வருகிறேன். அவர் கீழே 1993, 94, 95 என்று தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். 95 டிசம்பரில் ரியாத்தில் அல் நாசரை அதன் சொந்த ஊரிலேயே கூடுதல் நேரத்தில் 1-0 என்று தோற்கடித்து ஆசிய கிளப் சாம்பியன் ஆனது.

இவ்வளவு ஜெயித்த அணியை அடுத்த வருஷமே ஊரைவிட்டுக் கிளப்பினார்கள். கிளப்புகள் எல்லாம் தலைநகரிலேயே குவிந்திருக்கக் கூடாது என்று லீக் முடிவெடுத்தது. சியோலில் இருந்த மூன்று அணிகளும் வெளியேற வேண்டியதாயிற்று. எல்ஜி அன்யாங்குக்குப் போனது, யுகோங் புச்சியோனுக்கு, இல்ஹ்வா சியோனானுக்கு. அங்கே 1999ல் கொரிய எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார்கள், 2000ல் மறுபடி பெட்டி படுக்கையைக் கட்டினார்கள். வாடகை வீடு மாறுகிற குடும்பம் மாதிரி மூன்றாவதாக வந்து இறங்கிய இடம்தான் சியோங்நாம்.

வந்த இடத்திலும் வரவேற்பு சுமார்தான். கொரியாவில் புராட்டஸ்டன்ட் சபைகளுக்குச் செல்வாக்கு அதிகம். மூனின் சபையை அவர்கள் கிறிஸ்தவமாகவே ஏற்பதில்லை. "அந்த ஆளின் அணிக்கு நம் ஊர் மைதானமா?" என்று எதிர்ப்பு கிளம்பியது. அணியோ எதையும் காதில் வாங்காமல் ஜெயித்துக்கொண்டிருந்தது. 2001, 2002, 2003 மறுபடி மூன்று பட்டம். 2006ல் ஏழாவது. சட்டையில் சின்னத்துக்கு மேலே ஏழு நட்சத்திரம். 2020ல் ஜியோன்புக் எட்டாவது பட்டம் வாங்கும்வரை அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை.

இந்தக் காலத்தின் முகம் ஷின் டே-யோங். அண்மையில் இந்தோனேசிய தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்தாரே, அவர்தான். 2018 உலகக் கோப்பையில் ஜெர்மனியை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பிய கொரிய அணிக்கும் அவரே பயிற்சியாளர். லீக்கில் 401 ஆட்டம், 99 கோல், 68 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குப் பந்து கொடுத்தது), எல்லாம் இந்த ஒரே கிளப்புக்காக. நூறுக்கு ஒன்று குறைவு! எனக்கு என்னமோ அந்த 99 தான் பிடித்திருக்கிறது. அவரே பயிற்சியாளராகத் திரும்பி வந்து 2010ல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வாங்கிக் கொடுத்தார். டோக்கியோவில் ஈரானின் ஜோப் அஹானை 3-1 என்று தோற்கடித்தார்கள். ஆனால் அதே வருஷம் சொந்த ஊர் டான்சியோன் மைதானத்தில் புல் கருகிப் பொட்டல் விழுந்து, கொரியப் பத்திரிகைகள் அதை வயல் வரப்போடு ஒப்பிட்டுக் கேலி செய்தன. ஆசியச் சாம்பியனுக்கு ஆட ஒழுங்கான புல் இல்லை. பார்க்கவும் ஆள் குறைவு. 2004 ஆசிய இறுதிப் போட்டியில் ஜெத்தாவில் போய் 3-1 என்று ஜெயித்துவிட்டு, சொந்த மைதானத்தில் அல் இத்திஹாதிடம் 0-5 என்று சுருண்ட அணியும் இதுதான்.

ஒரு தனி மனிதரின் பிரியத்தில் ஓடும் கிளப்புக்கு என்ன ஆகும்? 2012 செப்டம்பரில் மூன் காலமானார். வாரிசுகளுக்குக் கால்பந்து ஒரு செலவுக் கணக்கு. பெண்கள் அணியைக் கலைத்தார்கள். ஆண்கள் அணிக்கு ஆள் தேடினார்கள். 2013 கோடையில் அன்சான் நகரத்துக்குப் போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது, நாலாவது ஊர். மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சப் பேர் அப்போதுதான் கொதித்தார்கள், மேயரிடம் போய் நின்றார்கள்.

அந்த மேயர் லீ ஜே-மியுங். ஆமாம், 2025 ஜூனில் தென்கொரியாவின் ஜனாதிபதி ஆனவர். சிறுவனாக இதே சியோங்நாமுக்கு வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர். பேஸ்பால் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் அடிபட்டு அவர் கை கோணியது, இன்றுவரை நிமிரவில்லை. 2013 அக்டோபரில் அவர், கிளப்பை நகரமே எடுத்து நடத்தும் என்று அறிவித்தார். மலைமேட்டு ஜனத்தையும் புண்டாங்காரர்களையும் ஒரே கேலரியில் உட்காரவைக்க ஒரு அணி வேண்டும் என்பது அவர் வாதம். அரசியல் கணக்கும் இருந்திருக்கும், மறுக்கமாட்டேன். ஆனால் வாதம் பொய்யில்லை.

2014ல் சியோங்நாம் எஃப்.சி. என்று புதுப் பெயர். மஞ்சள் போய்க் கறுப்பு வந்தது. சிறகு முளைத்த குதிரை போய், நகரத்தின் பறவையான மேக்பை சின்னமானது. ஏழு நட்சத்திரத்தை மட்டும் விடவில்லை. முதல் பயிற்சியாளராக யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? எழுபது வயதைத் தாண்டிய அதே பார்க் ஜாங்-ஹ்வானை. லீக் பருவம் தொடங்கி இரண்டு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. பயிற்சி ஆட்டத்தில் ஆட்டக்காரர்களைக் கைநீட்டி அடித்தார் என்ற விஷயம் வெளியே வந்து, ஏப்ரலில் விலகினார். 1990களில் 'கண்டிப்பு' என்று பாராட்டப்பட்டதற்கு 2014ல் வேறு பெயர்.

அந்த வருஷ நவம்பர் 23ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி, சியோல் உலகக் கோப்பை மைதானம், எதிரே எஃப்.சி. சியோல். இந்தப் பக்கம் லீக்கில் கீழ்ப்பிரிவுக்கு விழுந்துவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கும் சியோங்நாம், பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்த கிம் ஹாக்-பம் பயிற்சியாளர். 120 நிமிடம் ஆகியும் 0-0. பெனால்டிக்கு என்று கிம் வேறொரு கோல்கீப்பரைக் கோட்டருகே தயாராக நிறுத்திவைத்தார். ஆனால் பந்து வெளியே போனால்தானே ஆள் மாற்ற முடியும்? சியோல்காரர்கள் புரிந்துகொண்டார்கள். பந்தை வெளியே விடாமல் தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தார்கள். விசில் அடித்துவிட்டது. மாற்று கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார். வேறு வழியில்லாமல் உள்ளே இருந்த பார்க் ஜூன்-ஹ்யுக்கே பெனால்டிக்கு நின்றார், இரண்டைத் தடுத்தார். 4-2. நகரத்தின் பணத்தில் ஓடும் அணி, முதல் வருஷத்திலேயே கோப்பையோடு வந்தது. லீக்கிலும் விழாமல் தப்பியது.

நடுவர்கள் எங்களுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்று மேயர் ஃபேஸ்புக்கில் எழுதியதும், லீக் அவருக்கு எச்சரிக்கை கொடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். கம்பெனி முதலாளியாக இருந்தால் போனில் பேசி முடித்திருப்பார். மேயருக்கோ ஊர் பார்க்கச் சண்டை போட்டால்தான் லாபம்.

லாபம் விளையாட்டுக்கும் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். 2016ல் பக்கத்து நகர அணி சுவோன் எஃப்.சி. முதல் பிரிவுக்கு வந்தது. அதுவும் நகராட்சி அணி. இரண்டு மேயர்களும் இணையத்தில் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு ஒரு பந்தயம் கட்டினார்கள்: தோற்கிறவர் மைதானத்தில் ஜெயித்தவர் கொடி பறக்க வேண்டும். முதல் ஆட்டம் 1-1, கொடிக்கு வேலையில்லை. இரண்டாவதை சுவோன் ஜெயித்தது, சியோங்நாம் மைதானத்தில் சுவோன் கொடி ஏறியது. காசு செலவில்லாமல் ஊர் முழுக்கக் கால்பந்துப் பேச்சு. கார் கம்பெனி அணியும் எஃகுக் கம்பெனி அணியும் மோதும்போது இப்படி ஒரு பந்தயத்துக்கு இடமே கிடையாது. என்னைக் கேட்டால், நகராட்சி கிளப் என்ற யோசனையின் மிகச் சிறந்த நாட்கள் அவைதான். அதே வருஷக் கடைசியில் சியோங்நாம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. மேலே நீடிக்க, இரண்டாம் பிரிவு அணி காங்வோனோடு இரண்டு ஆட்டம், 0-0, 1-1. தோற்கவே இல்லை, மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்த அணிக்கே வெற்றி என்ற கணக்கில் போயிற்று.

சரி, பணத்துக்கு வருவோம். நகராட்சி கிளப்பை ஓட்ட வரிப்பணம், போதாததற்கு விளம்பரதாரர். வரிப்பணத்துக்கு நகர மன்றம் கைதூக்க வேண்டும், எதிர்க்கட்சிக்கு அது நல்ல பிடி. விளம்பரதாரர் விஷயம் இன்னும் சிக்கல். 2015ல் சியோங்நாம் சட்டையின் மார்பில் எந்தப் பொருளின் பெயரும் இல்லை. ஏழைகளின் வாராக்கடனைச் சல்லிசாக வாங்கி ரத்து செய்யும் ஓர் இயக்கத்தின் பெயர் இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் நகரத்துக்குள் கட்டட அனுமதியோ நில வகை மாற்றமோ கேட்டு நிற்கும் கம்பெனி, அதே நகரத்தின் கிளப்புக்குப் பணம் கொடுத்தால் அதை விளம்பரம் என்பதா, வேறு பெயரா? அரசு வழக்கறிஞர்கள் வேறு பெயர் சொன்னார்கள். பல கம்பெனிகள் சலுகைக்குப் பதிலாகக் கிளப்புக்குச் சுமார் 1,330 கோடி வோன் கொடுத்தன என்று 2023 மார்ச்சில் லீ மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அது முறையான விளம்பர ஒப்பந்தம், என் பைக்கு ஒரு காசு வரவில்லை என்று அவர் மறுத்தார். அவர் ஜனாதிபதி ஆன பிறகு விசாரணை நின்றது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அனுமதி கொடுக்கிற கையும் நன்கொடை வாங்குகிற கையும் ஒன்றாக இருக்கும்வரை, எந்த நகரத்திலும் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இதற்கிடையில் அணி 2018ல் இரண்டாம் பிரிவில் இரண்டாமிடம் வந்தும் மேலே ஏறியது. முதலிடம் வந்தது போலீஸ் அணி. அந்த அணிக்கு ஆள் எடுப்பதைக் காவல் துறை நிறுத்திவிட்டதால் இவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நாலு வருஷம் தட்டுத் தடுமாறி மேலே இருந்தார்கள். கொரியாவில் உள்ளாட்சித் தேர்தல் ஜூன் மாதம், லீக் ஆட்டங்கள் சூடுபிடிக்கும் நேரம். 2022 ஜூனில் மேயர் தேர்தலில் லீயின் கட்சியை எதிர்த்து நின்ற கட்சியின் ஷின் சாங்-ஜின் ஜெயித்தார். அப்போது அணி பட்டியலில் கடைசியில் கிடந்தது. ஊழலுக்குப் பேர்போன இந்தக் கிளப்புக்கு நான் உரிமையாளராக இருக்க விரும்பவில்லை, விற்றுவிடலாம் என்றார். ஆட்டக்காரர்கள் எந்த மனநிலையில் களத்தில் இறங்கியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். ரசிகர்கள் பேனர் பிடித்தார்கள், ஒன்பது வருஷத்துக்கு முன் பிடித்த அதே ரகம்.

விற்பனை கடைசியில் நடக்கவில்லை. அணி கீழே இறங்கியது. 2024ல் இரண்டாம் பிரிவிலேயே கடைசி இடம், ஏழு நட்சத்திரச் சட்டையோடு. அடுத்த வருஷம் கொஞ்சம் மூச்சுவிட்டு, மேல்பிரிவுக்கான தகுதி ஆட்டங்கள் வரை வந்தார்கள்.

டான்சியோனில் கறுப்புச் சட்டை போட்டு நிற்கும் ரசிகர் கூட்டம் பெரிதில்லை. ஆனால் இல்ஹ்வா காலத்து ஆட்களும், நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்றே தெரியாத பையன்களும் அங்கே ஒன்றாக நிற்கிறார்கள். ஒரு மேயர் வாங்கினார், ஒரு மேயர் விற்கப் பார்த்தார், அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.