பிரம்பு பின்னும்போது போன் எடுக்க முடியாது

வணக்கம் மக்களே. இதோ நிற்கிறதே இந்தத் தேக்கு நாற்காலி, காயலான் கடையில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்தது. அந்தக் காலத்து அரசு அலுவலகத்தில் முதுகில் துண்டைப் போட்டு அதிகாரி உட்காருவாரே, அந்த ரகம். காலெல்லாம் திடமாக இருக்கிறது, உட்காரும் இடத்தில் பிரம்பு மட்டும் பிய்ந்துபோய்ப் பெரிய ஓட்டை. இதைச் சரிசெய்துகொண்டே, இந்த வேலை மனசுக்கு நல்லதா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் பழைய பாலிஷ் எது என்று பார்த்துவிடுவோம். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, கண்ணில் படாத அடிப்பக்கத்தில் தேய்க்கிறேன். பார்த்தீர்களா, பிசுபிசுவென்று பழுப்பாக வருகிறது. அப்படியென்றால் இது அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். இதைச் சுரண்டவே வேண்டாம், ஸ்பிரிட்டிலேயே கரைத்து எடுத்துவிடலாம். பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் கதை வேறு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அதில் ஈயம் இருந்தால் அந்த விஷத் தூள் நேராக மூக்குக்குள் போகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அக்கா, இப்படிப் பழைய சாமானைச் சரிசெய்வதெல்லாம் நிஜமாகவே மனசுக்கு நல்லதா?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். எனக்கு நல்லதாக இருக்கிறது, ஆனால் அது பளபளப்பில் வருவதில்லை, அந்தச் சந்தோஷம் இரண்டு நாளில் பழகிவிடும். பின்னல்தான் என்னை உட்கார வைக்கிறது. பிரம்பு நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வழவழப் பக்கம் மேலே வருகிற மாதிரி முன்னும் பின்னுமாக ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, மறுபடி முன்னும் பின்னுமாக, நான்காவது சுற்றில்தான் ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோக்க ஆரம்பிக்கிறோம், அப்புறம் மூலைவாட்டில் இரண்டு, கடைசியில் ஓரக்கட்டு. நான்காவதில் ஆபீஸ் ஞாபகத்தில் ஒரு நார் மாறிப்போனால், மூலைவாட்டு நார் வழுக்கிக்கொண்டு போகாது, முட்டிக்கொண்டு நிற்கும். கை ஈரமாக இருப்பதால் போனையும் தொட முடியாது. அதனால் மனசு வேறு வழியில்லாமல் அங்கேயே இருக்கும்.

பார்வையற்றோர் பள்ளிகளில் இதைத் தொழிலாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நானும் சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு கோத்துப் பார்ப்பேன், எந்த நார் மேலே எது கீழே என்று விரலே கண்டுபிடிக்கிறது, நம்பவே முடியாது! ஆனால் ஒன்று, வாரக்கணக்கில் தூக்கம் வராமல் தவிக்கிறவர்கள் டாக்டரைப் பாருங்கள், அதற்கு நாற்காலி போதாது.

பின்னப் பொறுமை இல்லையென்றால் ப்ளைவுட் வைத்து மெத்தை போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. சட்டத்தைச் சுற்றி இருக்கிற துளைகளை மட்டும் மக்கு (மர ஓட்டை அடைக்கும் பசை) வைத்து அடைத்துவிடாதீர்கள், பின்னால் யாராவது பின்ன நினைத்தால் அந்தத் துளை வேண்டும்.

பாலிஷ் இன்றைக்கு இல்லை. வானம் மூட்டமாக இருக்கிறது, ஈரக்காற்றில் அரக்கு வெள்ளை பூத்துவிடும். பிரம்பும் காய்ந்தால்தான் விறைப்பாக இறுகும். அதுவரை யாரும் இதில் உட்காரக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், மாமா காதில் விழுந்ததா என்றுதான் தெரியவில்லை.